குளிர்காலக் காலையில் சூடான ஓட்ஸ் கஞ்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்ஸ் கஞ்சி பிடிக்காது என்று சொல்பவர்களில் பலர் சாப்பிட்டுப் பார்த்திருப்பது, பொடிந்த ஓட்ஸின் மீது கொதிநீரை ஊற்றி இரண்டு நிமிடங்களில் கலக்கி எடுத்த, உப்பும் உறைப்பும் மணமும் இல்லாத ஒரு கூழைத்தான். அந்தச் சப்பென்ற சுவையைச் சகிக்க முடியாமல் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். சர்க்கரை மிகுந்ததும் திகட்டுகிறது. சில நாட்களில் பொட்டலம் அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. இதில் தானியத்தின் குற்றம் மிகக் குறைவு. இந்தக் கஞ்சியில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி அவசரத்திலிருந்து பிறப்பவை, எஞ்சியவை அந்த அவசரத்தின் விளைவை மறைக்கச் செய்யும் முயற்சியிலிருந்து பிறப்பவை என்பதே என் கருத்து.

குளிர் நாட்டுக் காலை உணவாக ஓட்ஸை நன்கு அறிந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். கோதுமை நன்றாக முற்றுவதற்குப் போதிய வெயில் கிடைக்காத, கோடையிலும் ஈரமும் குளிருமாக இருக்கும் அந்த மண்ணில் ஓட்ஸ் தயங்காமல் விளையும். சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைகளுக்குக் கொடுக்கப்படும் இந்தத் தானியம் ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குகிறது என்று எள்ளல் தொனிக்க எழுதினார். எள்ளலுக்கு ஆளானவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கஞ்சி காய்ச்சுவதை ஒரு நுட்பமான கைத்திறனாகவே வளர்த்துக்கொண்டார்கள். ஹைலேண்ட்ஸ் பகுதியிலுள்ள கார்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1994 முதல் உலகக் கஞ்சிப் போட்டி நடைபெற்று வருகிறது. அதன் மரபுப் பிரிவில் அனுமதிக்கப்படும் பொருள்கள் ஓட்ஸ், தண்ணீர், உப்பு ஆகிய மூன்று மட்டுமே. பாலோ தேனோ பழமோ இல்லாமல் ஒரு கிண்ணக் கஞ்சி பரிசு வாங்கக்கூடும் என்றால், நாம் எங்கே தவறுகிறோம் என்று பார்ப்பது பயனுள்ளது.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. ஓட்ஸ் என்று ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், பொட்டலத்துக்குள் இருப்பவை வேறு வேறு பொருள்கள். உமி நீக்கிய முழு மணியை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டியது ஸ்டீல் கட் ஓட்ஸ். பார்வைக்குக் குருணையாக இருக்கும், வேக 25 முதல் 30 நிமிடங்கள் ஆகும். மணியைக் கல்லில் திரித்தெடுத்த மாவும் ரவைப் பதமும் ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம். நீராவியில் பதப்படுத்தி உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கியது ரோல்டு ஓட்ஸ்; இது ஐந்து முதல் பத்து நிமிடங்களில் வெந்துவிடும். அதையே இன்னும் மெல்லியதாக நசுக்கி, பொடியாக நறுக்கி, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தியது இன்ஸ்டன்ட் ஓட்ஸ். ஒன்றுக்குச் சொன்ன அளவையும் நேரத்தையும் மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் குருணை பல்லில் கடிபடும், அல்லது தட்டை ஓட்ஸ் குழைந்து வழவழத்துப்போகும். இன்ஸ்டன்ட் வகையில் மாவுப்பொருள் ஏற்கெனவே உடைந்திருப்பதால் அது விரைவாகச் செரித்து, இரத்தச் சர்க்கரையையும் மற்ற வகைகளைவிட வேகமாக ஏற்றுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் இந்த வேறுபாட்டைச் சிறியதென்று விட்டுவிடக் கூடாது. தினமும் சாப்பிடப்போகிறவர் ஒரே ஒரு வகையைத்தான் வாங்க முடியுமென்றால் தடித்த ரோல்டு ஓட்ஸை வாங்கலாம். விடுமுறை நாளில் அரை மணி நேரம் அடுப்பருகே நிற்க மனமுள்ளவருக்கு ஸ்டீல் கட் ஓட்ஸ் தரும் மெல்லும் சுவையை வேறு எதுவும் தராது.

நேரமில்லை என்பவர்களுக்கும் வழியுண்டு. ஸ்டீல் கட் ஓட்ஸை இரவே தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் காலையில் வேகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். கொதிநீரால் சூடேற்றிய வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஓட்ஸையும் கொதிக்கும் நீரையும் இரவில் ஊற்றி இறுக மூடிவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது நீரின் அளவு. ரோல்டு ஓட்ஸ் ஒரு கோப்பைக்கு இரண்டு முதல் இரண்டரைக் கோப்பை, ஸ்டீல் கட் ஓட்ஸ் ஒரு கோப்பைக்கு மூன்றரை முதல் நான்கு கோப்பைத் தண்ணீர் என்பது நம்பத்தக்க தொடக்கம். ஆனால் அளவைச் சரியாக எடுத்தவரும் தவறுவது, அடுப்பிலிருக்கும்போதே கஞ்சி கெட்டியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான். சூட்டில் நீரை உறிஞ்சி உப்பிய மாவுப்பொருளும், ஓட்ஸுக்கே உரிய பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்தும், சூடு தணியத் தணிய மேலும் இறுகிக்கொண்டே போகும். பாத்திரத்தில் சரியான பதமாகத் தெரிவது, மேசைக்கு வந்து பாதி சாப்பிடுவதற்குள் கரண்டி நிற்கும் அளவுக்குக் கட்டியாகிவிடும். குளிர்ந்த அறையில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே நாம் விரும்பும் பதத்தைவிடச் சற்றே தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம் விட்டுவிட வேண்டும்.

தீயை உயர்த்தி நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பதும் பயன் தராது. பெருந்தீயில் கஞ்சி பொங்கி வழியும், அடி பிடிக்கும். மணியின் உட்புறம் மட்டும் வேகாமல் நிற்கும். கொதி வந்ததும் தீயைத் தணித்து, மெல்லக் குமிழியிடும் நிலையில் வைப்பதே முறை. கொதிக்கும் நீரில் ஓட்ஸ் மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும் என்பதால், ஸ்காட்லாந்தில் ஒரு கையால் மாவை மழைத்தூறலாகத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுவது வழக்கம். கிளறுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஸ்பர்ட்டில் என்னும் உருண்ட மரக்கோலில் அகப்பை போன்ற தட்டை முனை கிடையாது; அதனால் கஞ்சி பாத்திரத்தின் ஓரமெல்லாம் இழுபடாமல் கலங்குகிறது. வலஞ்சுழியாகத்தான் கிளற வேண்டும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. அதை நம்புகிறவர்கள் நம்பட்டும், சுவையில் அதற்குப் பங்கில்லை. மைக்ரோவேவில் சமைப்பவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை சிறிய கிண்ணத்தை வைப்பது. ஓட்ஸ் நுரைத்து எழும்பும் என்பதால், கிண்ணத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், நடுவில் ஒரு முறை நிறுத்திக் கிளறுவது அடுப்பறையைத் துடைக்கும் வேலையைக் குறைக்கும்.

இனி உப்பு. இனிப்பான காலை உணவில் உப்பெதற்கு என்று அதை அறவே விட்டுவிடுவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. உப்பில்லாத ஓட்ஸ் வெறும் காகிதம். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். அது கஞ்சியைக் கரிக்கச் செய்யாமல் தானியத்தின் இயல்பான இனிமையை வெளிக்கொணர்கிறது, அதனால் சர்க்கரையின் தேவையும் தானே குறைகிறது. உப்பைத் தொடக்கத்திலேயே போட்டால் மணி இறுகிவிடும், பாதி வெந்த பிறகே போட வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் பழைய சமையற்காரர்கள் வாதிடுவார்கள். எப்போது போடுவது என்பதில் சண்டை இருந்தாலும் போட வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நொய்க் கஞ்சியில் உப்புப் போட்டு, ஊறுகாயையோ துவையலையோ தொட்டுக்கொண்டு வளர்ந்த நாக்குக்கு உப்பிட்ட ஓட்ஸ் அந்நியமாகத் தோன்றாது. டொராண்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஓட்ஸை இனிப்பாக மட்டுமே சாப்பிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மிளகும் சீரகமும் இஞ்சியும் தாளித்து, ஒரு கைப்பிடி கீரையைச் சேர்த்துக் காய்ச்சினால் பனி பெய்யும் காலைக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் மசாலா ஓட்ஸ் என்று பொட்டலத்தில் வருவதில் உப்பு நாம் வீட்டில் போடுவதைவிட மிக அதிகமாக இருக்கக்கூடும் என்பதால் அட்டையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

பாலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. முழுக்கப் பாலிலேயே காய்ச்சினால்தான் சத்தும் சுவையும் கிடைக்கும் என்று தொடக்கத்திலேயே பாலை ஊற்றுகிறார்கள். பாலின் புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து கருகுவதால், தானியம் வேகும் முன்பே தீய்ந்த வாடை வந்துவிடும். முதலில் தண்ணீரில் வேகவிட்டு, கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் பாலைச் சேர்த்தால் அதே செழுமை கிடைக்கும், அடியும் பிடிக்காது. ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம் இன்னும் சுவாரசியமானது: குளிர்ந்த பாலையோ பாலேட்டையோ தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, சூடான கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாக அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கஞ்சியின் சூடு கடைசிவரை குறையாது, ஒவ்வொரு வாயிலும் சூடும் குளிரும் சேர்ந்தே வரும்.

சூட்டைக் காப்பாற்றுவதில்தான் குளிர்காலத்துக்கே உரிய பிழைகள் நேர்கின்றன. வெப்பமூட்டி இரவில் குறைத்து வைக்கப்பட்ட வீட்டில், அலமாரியிலிருந்து எடுத்த பீங்கான் கிண்ணம் சில்லிட்டிருக்கும். அதில் ஊற்றியவுடன் கஞ்சியின் சூட்டில் ஒரு பகுதியைக் கிண்ணமே வாங்கிக்கொள்கிறது. பிறகு குளிர்பதனப் பெட்டியிலிருந்து தயிர், உறைவிப்பானிலிருந்து அவுரிநெல்லிப் பழங்கள், மேலே குளிர்ந்த பால் என்று வரிசையாகச் சேர்த்துவிட்டு, ஆறிப்போயிற்றே என்று வருந்துவதில் பொருளில்லை. கஞ்சி வேகும் நேரத்தில் கிண்ணத்தில் கொதிநீரை நிரப்பிவைத்துப் பிறகு கொட்டிவிடலாம். உறைந்த பழங்களைக் கடைசி இரண்டு நிமிடங்களில் பாத்திரத்திலேயே போட்டால் அவை இளகிச் சாறு விட்டுக் கஞ்சிக்கு நிறமும் தரும். ஆப்பிளையோ பேரிக்காயையோ நறுக்கித் தொடக்கத்திலிருந்தே வேகவைக்கலாம்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, கையால் போடுவதைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் வருவதே கவனிக்கத்தக்கது. சுவையூட்டிய இன்ஸ்டன்ட் பொட்டலங்கள் பலவற்றில், ஒரு வேளைக்கான சிறு பையிலேயே 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதன் மேல் தேன், உலர் திராட்சை, மேப்பிள் பாகு சேர்ந்தால் அது காலை உணவு என்ற எல்லையைத் தாண்டிவிடும். நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்து வேகும்போதே கலந்தாலும், இரண்டு பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டாலும் போதிய இனிப்புக் கிடைக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சியில் தேன் அறவே கூடாது; அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் நுண்ணுயிரியின் வித்துகள் கைக்குழந்தைக்கு ஆபத்தானவை.

உடல்நலத்தின் பெயரால் செய்யும் தவறுகள் வேறு. 40 கிராம் ஓட்ஸைத் தண்ணீரில் மட்டும் காய்ச்சிக் குடித்தால் கிடைப்பது ஏறக்குறைய 150 கலோரி. வீட்டுக்குள் இருப்பவருக்கே அது பத்து மணிக்குள் பசியைத் தந்துவிடும் என்றால், பனியை வாரித் தள்ளப்போகிறவருக்கும் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கப்போகிறவருக்கும் அது எப்படிப் போதும்? சூடான கஞ்சி உடலை வெதுவெதுப்பாக்குவது சிறிது நேரத்துக்குத்தான். அதன் பிறகு தாங்குவது உள்ளே போன சத்து. வாதுமையோ அக்ரூட்டோ நிலக்கடலை வெண்ணெயோ ஒரு கரண்டி, அல்லது பக்கத்தில் ஓர் அவித்த முட்டை இருந்தால் அது நண்பகல் வரை தாங்கும். இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காக ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பொட்டலங்களில் இதயநலம் பற்றிய வாசகத்தை அச்சிட அனுமதி அளித்தபோது, நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கானை அடிப்படையாகக் கொண்டது. 40 கிராம் ஓட்ஸில் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 கிராம்வரைதான் இருக்கும். அதே வேளையில், நார்ச்சத்துக்குப் பழகாத வயிற்றுக்கு முதல் நாளே பெரிய கிண்ணமாகக் கொடுத்தால் உப்புசம் வரும். கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள், சாதாரண ஓட்ஸ் அறுவடையிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடுவதால், குளூட்டன் அற்றது என்று சான்றளிக்கப்பட்டதை மட்டுமே வாங்க வேண்டும். அவர்களிலும் சிலருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்வதில்லை என்பதால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது முறை.

கசக்கும் ஓட்ஸை யாரும் சமையலால் திருத்த முடியாது. அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்யத்தான் ஆலையிலேயே அதைச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அப்படியிருந்தும் திறந்த பொட்டலத்தை அடுப்புக்கு மேலுள்ள சூடான அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை ஏறிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். மணம் மங்கியிருந்தால் வெறும் வாணலியில் நான்கைந்து நிமிடம் வறுப்பது உதவும், ஆனால் கசப்பு ஏறியதற்கு அது மருந்தல்ல.

மிஞ்சிய கஞ்சியை வீணாக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் முற்காலத்தில் அதை மேசை இழுப்பறையில் ஊற்றி இறுகவிட்டு, துண்டு போட்டு வயலுக்கு எடுத்துச் சென்றார்கள் என்று சொல்வதுண்டு. இன்று செய்யக்கூடியது, இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் சூடாக்கிச் சாப்பிடுவது. அப்படியே அடுப்பில் வைத்தால் அடிப்பாகம் கருகும், நடுப்பாகம் சில்லென்றிருக்கும் என்பதால், முதலில் சிறிது தண்ணீரோ பாலோ விட்டு மரக்கரண்டியால் உடைத்துத் தளர்த்திக்கொண்டு பிறகு சூடேற்ற வேண்டும். காலியான பாத்திரத்தில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றிவிடுங்கள். வெந்நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் மாவு மேலும் வெந்து இறுகிக்கொள்ளும்.