ஹைட்ராலிக் எண்ணெயில் தூசும் நீரும் சேராமல் காப்பது எப்படி?

பினாங்குத் தீவின் மலைப்பகுதிகளில் வெட்டியெடுக்கப்படுவது பெரும்பாலும் கிரானைட் பாறை. அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் எஃகையே தேய்க்கும் அளவுக்குக் கடினமானவை. பாயா தெருபோங் போன்ற சரிவுகளில் எக்ஸ்கவேட்டரை இயக்குபவர்களும் பழுதுபார்ப்பவர்களும் இதை மனத்தில் வைத்தே, இயந்திரத்தின் பாகங்களை அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெயைக் கையாள வேண்டும். பிஸ்டன் பம்ப்பிலும் கட்டுப்பாட்டு வால்விலும் அசையும் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிதான் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகளோ ஏறத்தாழ 40 மைக்ரான். ஆகவே, பார்வைக்குத் தெளிவாக இருக்கும் எண்ணெய் சுத்தமானது என்று முடிவு கட்டக் கூடாது.

புதிய எண்ணெயையும் அப்படியே நம்பிவிட முடியாது. டிரம்மில் வரும் எண்ணெய் பல நேரங்களில் இயந்திரத்துக்குத் தேவையான சுத்த அளவை எட்டியிருப்பதில்லை. துகள்களை எண்ணி அளவிடும் ஐஎஸ்ஓ 4406 குறியீட்டில் எண் ஒன்று கூடினால் துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்பதால், சிறிய வேறுபாடும் பெரிய பொருளுடையது. தொட்டியை நிரப்பும்போது வாளியும் புனலும் வேண்டாம். நுண் வடிகட்டி பொருத்திய பம்ப் மூலமாகவே எண்ணெயை ஏற்ற வேண்டும். தொட்டிக்குள் அழுத்தம் இருந்தால், தயாரிப்பாளரின் கையேட்டில் கூறியபடி அதை முதலில் வெளியேற்றி, மூடியைச் சுற்றியுள்ள மண்ணை நார் உதிராத துணியால் துடைத்த பிறகே திறக்க வேண்டும்.

நம் ஊரில் எண்ணெய்க்குள் நீர் புகும் வழிகளில் அதிகம் கவனிக்கப்படாதது டிரம்தான். வெயிலில் நிற்கும் டிரம் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, மூடியின் இடுக்கு வழியே வெளியேறுகிறது. பிற்பகல் மழை பெய்து டிரம் சட்டென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, மேல்தட்டில் தேங்கிய நீர் அதே இடுக்கு வழியாக உறிஞ்சப்படுகிறது. மூடி இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றினாலும் இது நடக்கும். டிரம்களைக் கூரையின் கீழ் வைப்பதே சிறந்தது. வேறு வழியில்லாமல் வெளியில் வைக்க நேர்ந்தால், அவற்றைப் படுக்கவைத்து, இரு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 மணி நிலைகளில் இருக்குமாறு திருப்ப வேண்டும். அப்போது இரு மூடிகளின் உட்புறத்தையும் எண்ணெய் மூடியிருப்பதால் காற்றும் நீரும் உள்ளே இழுக்கப்படுவதில்லை.

இயந்திரத்தின் தொட்டியும் காற்றை இழுத்து வெளியிடுகிறது. இயந்திரத்தின் நீண்ட கையான பூமை உயர்த்தும்போது சிலிண்டர்களுக்குள் எண்ணெய் போவதால் தொட்டியின் மட்டம் தாழ்கிறது. அந்த இடத்தை நிரப்ப வரும் காற்றுடன் தூசும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. அதனால் காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது எண்ணெய் வடிகட்டியை மாற்றுவதற்குச் சமமான கடமை. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்ட வடிகட்டி இத்தகைய தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது. மணிகளின் நிறம் மாறியதும் அதை மாற்றிவிடலாம். இயந்திரத்தைக் கழுவும்போது உயர் அழுத்த நீரைக் காற்று வடிகட்டியின் மீதோ சிலிண்டர் சீல்களின் மீதோ நேராகப் பாய்ச்சக் கூடாது.

பாறை உடைக்கும் பிரேக்கரைப் பொருத்தும்போதும் கழற்றும்போதும் நடப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பிரேக்கரிலிருந்து மண் அள்ளும் பக்கெட்டுக்கு மாறும் வேளையில் ஹோஸின் முனை மண்ணில் புரளும். பிறகு கையால் ஒருமுறை துடைத்துவிட்டு இணைத்துவிடுவார்கள். இணைப்பியின் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஈர மண் முழுவதும் அந்த நொடியில் உள்ளே போகிறது. ஒவ்வொரு முனைக்கும் உரிய மூடியைச் சங்கிலியால் அங்கேயே கட்டிவைப்பதும், இணைக்கும் முன் இரு பக்கங்களையும் சுத்தம் செய்வதும் சில நிமிட வேலைதான். பிரேக்கர் அதிகம் பயன்படும் இயந்திரங்களுக்கு எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றும் இடைவெளியைத் தயாரிப்பாளர்கள் குறைத்தே குறிப்பிடுகிறார்கள். அதைப் பின்பற்ற வேண்டும்.

கழற்றிய பழைய வடிகட்டியைப் பார்க்காமல் எறியாதீர்கள். மடிப்புகளை வெட்டி விரித்து, அங்கே மினுங்கும் துகள்களின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால், இரும்புத் தேய்மானமா, வெண்கலத் தேய்மானமா என்பது ஓரளவு புரியும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் மிகுதியாகக் கலந்துவிட்டது என்று பொருள். வெளுக்காத எண்ணெயிலும் கரைந்த நீர் இருக்கலாம். ஆகையால், இயந்திரம் வேலைச் சூட்டில் இருக்கும்போது, அதற்கென உள்ள மாதிரி வால்வின் வழியாகச் சுத்தமான புட்டியில் எண்ணெய் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது.

மாற்றும்போது வெளியே எடுத்த பழைய எண்ணெய் மலேசியச் சட்டப்படி எஸ்டபிள்யூ 306 என்ற குறியீட்டில் வகைப்படுத்தப்பட்ட கழிவு. அதைப் பெயரொட்டிய கொள்கலனில் தனியே வைத்து, 180 நாட்களுக்குள் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். கழிவு எண்ணெயை இறைக்கும் பம்ப்பையும் குழாயையும் யாரும் தவறிப்போய்ப் புதிய எண்ணெய்க்கு எடுத்துவிடாதபடி, வேறு நிறம் பூசி வேறு இடத்தில் வையுங்கள்.