மானியப் பணத்தில் பழைய கட்டடத்தைச் சீரமைப்பது எப்படி? முதன்முறை நடத்துகிறவர்களுக்கு

பழைய கட்டடத்தைச் சீரமைக்க மானியம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்ததும் பலரும் முதலில் செய்வது கொத்தனாரைக் கூப்பிடுவது. கொஞ்சம் பொறுங்கள். தேர்வாகிவிட்டீர்கள் என்று சொல்லும் கடிதம் வேறு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தத்தில் செலவுக்காலம் என்று ஒரு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். அந்தத் தொடக்கத் தேதிக்கு முன் செய்த செலவைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், எவ்வளவு நியாயமான செலவாக இருந்தாலும் சரி.

படி 1: ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள்

படித்துவிட்டு ஒரே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: செலவுக்காலம், எந்தெந்தச் செலவுக்கு அனுமதி, உங்கள் பங்குத்தொகை எவ்வளவு, எந்த வேலைக்கெல்லாம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், அறிக்கைகள் எப்போது போக வேண்டும்.

பங்குத்தொகை விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் 1976-இல் உருவான வரலாற்றுப் பாதுகாப்பு நிதி மாநிலங்களுக்குத் தரும் மானியத்தில் கூட்டாட்சி அரசின் பங்கு பொதுவாக 60 சதவீதம், மீதி 40 உள்ளூரில் திரட்ட வேண்டும். அந்தப் பங்கைப் பணமாகவே தர வேண்டும் என்றில்லை, தன்னார்வலர்களின் உழைப்பையும் சில திட்டங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று கையெழுத்தோடு பதிவு இருந்தால்தான். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து எழுதும் பதிவை ஆடிட்டர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம், பல மானியங்களில் நீங்கள் முதலில் செலவு செய்து பில்லைக் காட்ட வேண்டும், பணம் பிறகுதான் வரும். அந்த இடைவெளியில் ஒப்பந்தக்காரருக்கு எதிலிருந்து கொடுப்பீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

படி 2: தொடுவதற்கு முன் பதிவு

ஒவ்வொரு சுவர், கூரை, கதவு, விரிசல் என எல்லாவற்றையும் படம் எடுங்கள். அளவுகோல் ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். எடுத்த இடத்தைத் தரைப்படத்தில் குறித்து வைத்தால், வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் அதே இடத்தில் நின்று எடுக்கலாம், இறுதி அறிக்கை பாதி அங்கேயே தயாராகிவிடும். பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-இன் வெனிஸ் சாசனமும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்யச் சொல்கிறது.

படி 3: எதைச் செய்வது, எதை விடுவது

அதே சாசனம் இன்னொன்றும் சொல்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும். உடைந்த சிற்ப வேலைப்பாடு முன்பு எப்படி இருந்தது என்பதற்குப் பழைய படமோ வரைபடமோ இல்லையென்றால், இப்படித்தான் இருந்திருக்கும் என்று புதிதாகச் செய்து வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் பர்ரா சாசனத்தின் நிலைப்பாடும் கிட்டத்தட்ட இதுதான்: தேவையான அளவு செய், முடிந்த அளவு குறைவாகச் செய்.

வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அதாவது கூரை ஒழுகல், மழைநீர்க் குழாய், அடித்தளத்தைச் சுற்றித் தேங்கும் நீர். அடுத்து தாங்கும் பகுதிகள். பூச்சும் வண்ணமும் கடைசி. முகப்பு பளிச்சென்று இருந்தால் திறப்பு விழாப் படம் அழகாக வரும் என்பதால் பட்ஜெட்டில் முதலில் அதைப் போடச் சொல்லி அழுத்தம் வரும். கூரை ஒழுகினால் அந்த வண்ணம் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 4: பொருள், அதாவது சிமென்ட் சண்டை

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் இணைப்புகளைக் கெட்டியான சிமென்ட் கலவையால் அடைத்தால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகப் போகும், உப்பு அங்கே படியும், கொஞ்ச காலத்தில் செங்கல்லின் முகம் உதிரும். கலவை எப்போதும் கல்லைவிட, செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், தேய்வது கலவையாக இருக்கட்டும்.

தவறான பொருள் என்ன செய்யும் என்பதற்கு பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் குன்று ஒன்றே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் சலவைக்கற்களை இரும்புக் கவ்விகளால் இணைத்தார்கள். பழைய கிரேக்கர்களும் இரும்பைத்தான் வைத்தார்கள், ஆனால் ஈயம் ஊற்றி மூடியிருந்தார்கள். புதிய கவ்விகள் துருப்பிடித்து, வீங்கி, கல்லைப் பிளந்தன. 1975-இல் அமைந்த குழுவின் கீழ் நடக்கும் பணியில் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்தி வருகிறார்கள்.

அதனால் பழைய கலவையை ஆய்வுக்கு அனுப்பி, சுவரில் சிறிய மாதிரிப் பகுதி ஒன்றைச் செய்து காட்டி, நிதி தருபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே மீதியைத் தொடங்குங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகத்தான் இறுகும், கடுங்குளிரும் கொட்டும் மழையும் அதற்கு ஆகாது. வேலை அட்டவணையைப் போடும்போது மானியத்தின் முடிவுத் தேதியையும் பருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 5: டெண்டர்

இதற்கு மானியம் தருபவரின் விதிகளையே பின்பற்றுங்கள். குறைந்த விலை சொன்னவருக்கே தர வேண்டும் என்ற விதி இருந்தால், சுண்ணாம்பு வேலையில் அனுபவம் கட்டாயம் என்பதை டெண்டர் அறிவிப்பிலேயே தகுதியாக எழுதிவிடுங்கள், விலைகள் வந்த பிறகு சேர்க்க முடியாது. நிராகரித்த டெண்டர்களையும் காரணத்தோடு கோப்பில் வையுங்கள். குழுவில் யாருடைய உறவினராவது போட்டியில் இருந்தால் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கட்டும்.

படி 6: பூச்சைப் பெயர்த்ததும்

உள்ளே உளுத்துப்போன உத்தரம் ஒன்று காத்திருக்கும், அநேகமாக. எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தில் 10 சதவீதம் ஒதுக்கினால் பழையதற்கு 15 முதல் 20 வரை ஒதுக்குங்கள் என்பேன். சில மானியங்கள் இப்படி ஒதுக்க விடாது, அப்போது உங்கள் சொந்தப் பணத்தில் அதைத் தனியாக வையுங்கள். வேலை மாறினால் படம், காரணம், புதிய எஸ்டிமேட் மூன்றையும் அனுப்பி, பதில் எழுத்தில் வரும்வரை அந்தப் பகுதியை மட்டும் நிறுத்துங்கள். ஃபோனில் சரி என்றார்கள் என்பது கணக்குத் தணிக்கையில் நிற்காது.

படி 7: கணக்கை மூடுவது

மானியத்துக்குத் தனிக் கணக்கேடு, ஒவ்வொரு பில்லிலும் அது பட்ஜெட்டின் எந்த வரியைச் சேர்ந்தது என்ற குறிப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி மானியங்களில் இறுதி நிதி அறிக்கைக்குப் பிறகும் பொதுவாக 3 ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். கடைசித் தவணையை இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை பிடித்து வைப்பது வழக்கம், ஒப்பந்தக்காரரோடு பேசும்போதே அதற்கேற்பக் கடைசித் தவணையை அமைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தின் உரிமையாளர் வேறு ஒருவர் என்றால் இன்னொரு விஷயத்தை விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்ற மாட்டேன், பராமரிப்பேன் என்று பத்திரத்தில் பதிவு செய்து தரச் சொல்லும் மானியங்கள் உண்டு. விற்றாலும் அந்த நிபந்தனை வாங்குபவரோடு போகும். இதைக் கடைசி வாரத்தில் கேள்விப்படும் உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் மானியமே நின்றுவிடும்.