கிலோ கணக்கை விட்டு வெட்டு நீளத்திற்கு மாறினேன்

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டைக்கு அருகே பிளாஸ்மா வெட்டுப் பட்டறை (மின்சாரத்தால் கடுமையாகச் சூடேறிய வாயுவைப் பாய்ச்சி இரும்புத் தகடு வெட்டும் பட்டறை) நடத்தும் நான், முதல் இரண்டு ஆண்டுகள் தகட்டின் எடையைப் பார்த்தே கூலி சொல்லி வந்தேன். வேலை குவிந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. காரணம் ஒரு தாங்கு தகட்டில் பிடிபட்டது. 300 மில்லிமீட்டர் சதுரம், 6 மில்லிமீட்டர் கனம், எடை ஏறக்குறைய 4.24 கிலோ. அதன் வெளிச்சுற்று 1,200 மில்லிமீட்டர்தான். ஆனால் 12 மில்லிமீட்டர் துளைகள் 24 இருந்ததால் வெட்டு நீளம் 2,100 மில்லிமீட்டரைத் தாண்டியது, வெட்டும் கருவியான டார்ச்சும் 25 முறை புதிதாகத் துளைத்து இறங்க வேண்டியிருந்தது. டார்ச்சின் முனையில் அடிக்கடி மாற்ற வேண்டிய பாகங்களான நாசிலையும் எலக்ட்ரோடையும் விரைவாகத் தேய்ப்பது இந்தத் துளைப்புதான். எடைக் கணக்கு அதைக் காட்டவே காட்டாது.

இப்போது வரைபடம் வந்ததும் வெட்டு நீளத்தையும் துளைப்பு எண்ணிக்கையையும் தனித்தனியே குறித்த பிறகே விலை சொல்கிறேன். வாடகை, மின்கட்டணம், சம்பளம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை, பட்டறை திறந்திருந்த நேரத்தால் அல்லாமல், இயந்திரம் உண்மையில் வெட்டிய மணிகளால் வகுத்து மணிக்கூலி எடுக்கிறேன். தகடு ஏற்றுவதிலும் கசடு தட்டுவதிலும் எவ்வளவு பொழுது போகிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இரும்புக்கும், துண்டின் எடையை விட்டு, அதைச் சுற்றி அமையும் செவ்வகத்தின் எடைக்கே விலை சேர்க்கிறேன், ஏனெனில் மீதி பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். “கிலோவுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள் தம்பி” என்று கேட்கும் பழைய வாடிக்கையாளர்களிடம் கணக்குத் தாளையே நீட்டிவிடுகிறேன்.