காணொளிக் கோப்பை மாற்றுவதற்கு முன் அதன் உள்ளே பார்ப்பது எப்படி

ஒரு காணொளியைத் தொலைக்காட்சியில் போட்டால் படம் ஓடுகிறது, ஒலி மட்டும் வரவில்லை. அதே கோப்பு கணினியில் எந்தக் குறையும் இன்றி ஓடுகிறது. இப்படி நேரும்போது பலர் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கன்வெர்ட்டரை இறக்கி, கோப்பு முழுவதையும் எம்பி4 ஆக மாற்றுகிறார்கள். அதில் நீண்ட நேரமும் போகிறது, படத்தின் தரமும் கொஞ்சம் குறைகிறது. பெரும்பாலும் அந்தக் கோப்பின் ஒலித்தடம் டிடிஎஸ் போன்ற, அந்தத் தொலைக்காட்சிக்குப் புரியாத ஒரு முறையில் இருக்கும். படத்தைத் தொடாமல் ஒலித்தடத்தை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றினாலே போதும், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்ய, கோப்பின் உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கொள்கலன் வேறு, கோடெக் வேறு

கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி ஆகியவை கொள்கலன்களின் பெயர்கள். படத்தடம், ஒலித்தடங்கள், வசன வரிகள், அத்தியாயக் குறிகள் ஆகியவற்றை நேரக் குறிப்புகளுடன் ஒரே கோப்பில் சேர்த்து வைப்பதுதான் கொள்கலனின் பணி. படத்தையும் ஒலியையும் சுருக்குவதும் விரிப்பதும் கோடெக்கின் பணி. எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை படத்துக்கான கோடெக்குகள். எம்பி3, ஏஏசி, ஓபஸ், ஏசி3 ஆகியவை ஒலிக்கானவை. ஒரே எச்.264 படத்தடத்தை எம்பி4 கொள்கலனிலும் வைக்கலாம், எம்கேவி கொள்கலனிலும் வைக்கலாம். திரையில் ஒரு புள்ளிகூட வேறுபடாது. மாறாக, எம்பி4 என்று முடியும் இரண்டு கோப்புகளில் ஒன்று பழைய கருவியிலும் ஓடும், மற்றொன்று ஏவி1 முறையில் இருப்பதால் ஓடாது. கோப்பின் பெயரைத் திருத்தி, எம்கேவி என்பதை எம்பி4 என்று எழுதிவிட்டால் உள்ளே எதுவும் மாறிவிடாது என்பதும் இதனால் விளங்கும்.

கொள்கலன்களுக்குள் தேர்வு செய்வது அத்தனை கடினம் அல்ல. ஆப்பிளின் குயிக்டைம் வடிவத்திலிருந்து வளர்ந்த எம்பி4, ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் திறக்கும். பல மொழி ஒலித்தடங்களும் வசன வரிகளும் சேர்ந்த கோப்புக்கு எம்கேவி வசதியானது. 1992-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏவிஐ, இன்றைய கோடெக்குகளோடு சரியாகப் பொருந்துவதில்லை. புதிதாக எதையும் அதில் சேமிக்கத் தேவையில்லை.

கோப்பைப் படித்துப் பார்த்தல்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எல்லா விவரங்களும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். விஎல்சி வைத்திருப்பவர்கள் கருவிகள் பட்டியலில் உள்ள கோடெக் தகவலைப் பார்த்தாலும் போதும். திறன்பேசியில் எடுத்த ஒரு காணொளியை எடுத்துக்கொள்வோம். கொள்கலன் எம்பெக்-4 என்றும், படம் ஏவிசி என்றும், அளவு 1920 × 1080 என்றும், பிட்ரேட் (ஒரு நொடிக்குச் செலவாகும் தரவு) நொடிக்கு 17 மெகாபிட் என்றும், பிரேம் வேகம் (ஒரு நொடியில் வரும் தனிப் படங்களின் எண்ணிக்கை) ஏறத்தாழ 30, ஆனால் மாறக்கூடியது என்றும், ஒலி ஏஏசி, 48,000 ஹெர்ட்ஸ் என்றும் காட்டுகிறது. ஏவிசி என்பது எச்.264-இன் மற்றொரு பெயர். ஹெச்இவிசி என்று இருந்தால் அது எச்.265. கோப்பின் அளவை முடிவு செய்வது பிட்ரேட்டும் காணொளியின் நீளமும்தான்: 17 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 2.1 மெகாபைட், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 மெகாபைட். அந்த ‘மாறக்கூடியது’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அது தேவைப்படும்.

கோடெக்குகள் உங்கள் கருவிக்கு ஏற்றவையாக இருந்து, கொள்கலன் மட்டும் ஒத்துவரவில்லை என்றால், தடங்களை அப்படியே நகலெடுத்து வேறு கொள்கலனில் வைத்துவிடலாம். எஃப்எஃப்எம்பெக் என்பது கட்டளை எழுதி இயக்கும் இலவச மென்பொருள்; அதன் கட்டளையில் கோடெக் என்று கேட்கும் இடத்தில் ‘காப்பி’ என்று கொடுத்தால் இது நடக்கும். கட்டளை எழுத விரும்பாதவர்களுக்கு லாஸ்லெஸ்கட், ஏவிடிமக்ஸ் போன்றவை உதவும். வட்டின் வேகத்தைப் பொறுத்து, ஒரு முழுநீளப் படத்துக்கும் ஓரிரு நிமிடங்களே ஆகும். தர இழப்பு அறவே இல்லை. பலரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான் என்றாலும், அது படத்தடத்தை எப்போதும் புதிதாக என்கோட் செய்யும், அதாவது விரித்து மறுபடி சுருக்கும். எனவே இந்த வேலைக்கு அது பொருந்தாது.

சுருக்கும்போது படத்துக்கு என்ன நேர்கிறது

சுருக்காத காணொளியின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் கோடெக் செய்யும் வேலை புரியும். 1920 × 1080 அளவுள்ள ஒரு பிரேமில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம், நொடிக்கு 30 பிரேம் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 670 ஜிகாபைட்டுக்கு மேல். மேலே பார்த்த திறன்பேசிக் கோப்பு இதை ஏறத்தாழ 88-இல் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது.

இதில் முதல் சேமிப்பு நிறத்தில் கிடைக்கிறது. மனிதக் கண் ஒளியளவின் நுண்மையை உணரும் அளவுக்கு நிறத்தின் நுண்மையை உணர்வதில்லை. ஆகவே 4:2:0 என்னும் முறையில் நான்கு பிக்சல்களுக்கு நான்கு ஒளியளவு மதிப்புகளும், அவற்றுக்குப் பொதுவாக இரண்டே நிற மதிப்புகளும் வைக்கப்படுகின்றன; பன்னிரண்டு எண்கள் ஆறாகி, தரவு பாதியாகிவிடுகிறது. இயற்கைக் காட்சிகளில் இது கண்ணுக்குத் தெரியாது. கணினித் திரையைப் பதிவு செய்யும்போது மட்டும், கருப்புப் பின்னணியில் உள்ள சிறிய சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிந்தாற்போல் தெரிவதற்கு இதுவே காரணம்.

மிகப் பெரிய சேமிப்பு நேரத்தில் கிடைக்கிறது. ஒருவர் அசையாத சுவரின் முன் அமர்ந்து பேசுகிறார் என்றால், அடுத்தடுத்த பிரேம்களில் மாறுவது முகமும் கையும் மட்டுமே. கோடெக் எப்போதாவது ஒருமுறை முழுப் பிரேமைச் சேமித்து, இடையில் வருபவற்றுக்கு ‘அந்தக் கட்டம் இத்தனை புள்ளி நகர்ந்தது, இவ்வளவு வேறுபட்டது’ என்னும் குறிப்பை மட்டும் எழுதுகிறது. எச்.264 முறையில் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்264 என்கோடரின் இயல்புநிலையில் இரண்டு முழுப் பிரேம்களுக்கு இடையே 250 பிரேம்கள் வரை இருக்கலாம். நொடிக்கு 30 பிரேம் என்றால் அது எட்டு நொடிக்கு மேல். மறு என்கோடிங் இல்லாமல் காணொளியை வெட்டும்போது நீங்கள் குறித்த இடத்தில் வெட்டு விழாமல் சில நொடிகள் முன்னால் விழுவது இதனால்தான்: முழுப் பிரேம் இருக்கும் இடத்தில்தான் புதிய கோப்பு தொடங்க முடியும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பிரேமும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்தின் உள்ளே உள்ள நுண்ணிய மாற்றங்கள் தோராயமான எண்களாக்கப்படுகின்றன. பிட்ரேட் குறையக் குறைய இந்தத் தோராயம் முரடாகிறது. மழை, நீர்வீழ்ச்சி, காற்றில் அசையும் இலைகள், பழைய பிலிமின் மணற்பொடி போன்ற துகள் ஆகியவை கட்டங்கட்டமாக உடைவதும், இருண்ட வானத்தில் வரிவரியாகப் பட்டைகள் தோன்றுவதும் இங்கிருந்துதான் வருகின்றன. பட்டைகளுக்கு 10 பிட் என்கோடிங் நல்ல மருந்து. 8 பிட்டில் ஒரு மதிப்புக்கு 256 படிகள் என்றால், 10 பிட்டில் 1,024 படிகள்.

எந்தக் கோடெக்கைத் தேர்வது? 2003-இல் வந்த எச்.264 எங்கும் ஓடும். பிறருக்கு அனுப்பும் கோப்புக்கு இன்றும் என் தேர்வு அதுவே. 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறத்தாழப் பாதி பிட்ரேட்டில் தரும் நோக்கத்துடன் உருவானது. ஆனால் அதன் காப்புரிமைக் கட்டணச் சிக்கல்களால் உலாவிகளில் ஆதரவு சீராக இல்லை. 2018-இல் வெளியான ஏவி1 உரிமக் கட்டணம் இல்லாதது, இன்னும் சிக்கனமானது; எனினும் அதை விரிக்கும் வன்பொருள் இல்லாத பழைய கருவிகளில் படம் திக்கும், மின்கலமும் விரைவில் தீரும்.

ஒலி

ஒலியின் கணக்கு எளிது. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது, வலது என இரண்டு ஒலிவழிகள்: நொடிக்கு 1,411 கிலோபிட். வேவ் கோப்பு இதை அப்படியே வைத்திருக்கும். ஃபிளாக் முறை ஒரு பிட்டும் இழக்காமல், பெரும்பாலும் பாதியை ஒட்டிய அளவுக்கு இதைச் சுருக்கும். எம்பி3, ஏஏசி, ஓபஸ் ஆகியவை காதின் இயல்பைப் பயன்படுத்துகின்றன: ஓங்கி ஒலிக்கும் ஒரு சுரத்துக்கு அருகிலுள்ள மெல்லிய சுரம் காதில் விழாது என்பதால், அதற்குரிய பிட்டுகளைக் குறைத்துவிடுகின்றன. 128 கிலோபிட் ஏஏசி பேச்சுக்குத் தாராளமாகப் போதும். இசைக்கு 192 முதல் 256 வரை வைக்கலாம். 2012-இல் தரநிலையான ஓபஸ், குறைந்த பிட்ரேட்டில் இவற்றை மிஞ்சும். 128 கிலோபிட் எம்பி3-ஐ 320-க்கோ ஃபிளாக்குக்கோ மாற்றுவதால் கோப்பு பெரிதாகுமே தவிர, போன ஒலி திரும்பி வராது.

என்கோட் செய்யும் நேரத்தில்

மறு என்கோடிங் தவிர்க்க முடியாதது என்று தெரிந்தபின், தரத்தை நிலைநிறுத்துவதா, அளவை நிலைநிறுத்துவதா என்பதை முடிவு செய்யுங்கள். கோப்பின் அளவுக்கு வரம்பு இல்லையென்றால் சிஆர்எஃப் என்னும் நிலையான தர முறையே சிறந்தது. நீங்கள் ஒரு தர எண்ணைக் கொடுத்தால், காட்சியின் சிக்கலுக்கு ஏற்ப என்கோடரே பிட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும். எக்ஸ்264-இல் இயல்பு எண் 23. எண் குறைந்தால் தரம் உயரும், ஆறு குறைத்தால் கோப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். எச்.265-க்கான என்கோடரான எக்ஸ்265-இன் இயல்பு எண் 28; ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது. அளவுக்கு வரம்பு இருந்தால் கணக்குப் போட வேண்டும்: 20 நிமிடக் காணொளி 500 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டுமெனில், 4,000 மெகாபிட்டை 1,200 நொடியால் வகுக்க 3.3 மெகாபிட் வரும், ஒலிக்கு 0.13 போக, படத்துக்கு 3.2 என்று வைத்து, காணொளியை முதலில் அலசிவிட்டுப் பிறகு சுருக்கும் இருகட்ட என்கோடிங்கைத் தேர்ந்தெடுங்கள். வரைகலை அட்டையின் என்கோடர் மிக விரைவானது என்றாலும், அதே அளவில் மென்பொருள் என்கோடர் தரும் தரத்தைப் பொதுவாக அது தருவதில்லை.

இழப்புள்ள சுருக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக இழக்கிறது, ஒளிநகலிலிருந்து மீண்டும் ஒளிநகல் எடுப்பது போல. எனவே திருத்த வேலைக்கு எப்போதும் அசல் கோப்பையே எடுங்கள். இடைக்காலப் பதிப்புகளைப் புரோரெஸ் போன்ற, அளவில் பெரிய ஆனால் இழப்பு மிகக் குறைந்த வடிவத்தில் சேமித்து, கடைசியில் ஒருமுறை மட்டும் எச்.264-க்குச் சுருக்குங்கள். செய்திச் செயலிகள் காணொளியை அனுப்பும்போது தாமாகவே மறுபடி சுருக்கிவிடும். முழுத் தரம் தேவையெனில் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.

அசலை நீக்குவதற்கு முன் புதிய கோப்பை மூன்று இடங்களில் பார்த்துவிடுங்கள்: ஓர் இருண்ட காட்சி, வேகமாக அசையும் ஒரு காட்சி, கடைசி நிமிடம். கடைசி நிமிடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் உதடும் ஒலியும் ஒத்திருந்து, போகப்போக விலகினால், அது பெரும்பாலும் மீடியாஇன்ஃபோவில் ‘மாறக்கூடியது’ என்று காட்டிய பிரேம் வேகத்தின் விளைவு; திருத்த மென்பொருளில் ஏற்றுவதற்கு முன் ஹேண்ட்பிரேக்கில் நிலையான பிரேம் வேகத்தைத் தேர்ந்து, தர எண்ணை 18 அளவுக்கு இறக்கி ஒருமுறை என்கோட் செய்துகொண்டால் அந்த விலகல் நீங்கும்.