பார்பிக்யூ சாஸ்களைச் சுவைத்து ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டில் மூடியைத் திறந்து, கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, இது நன்றாக இருக்கிறது, அது சுமார் என்று முடிவு சொல்லிவிடுவதுதான் பார்பிக்யூ சாஸ்களை ஒப்பிடுவதற்குப் பெரும்பாலோர் கையாளும் முறை. அந்த முடிவு கிரில்லில் தணல் ஏறியதும் பல நேரங்களில் தலைகீழாகிவிடுகிறது. சர்க்கரை, வினிகர், உப்பு, தக்காளி, மசாலா ஆகியவை சேர்ந்த இந்தக் கலவை சூட்டில் வற்றும். வற்ற வற்ற இனிப்பும் உப்பும் செறிந்துகொண்டே போகும். வினிகரின் மூக்கைத் துளைக்கும் நெடி ஓரளவு ஆவியாகிவிடும். மேற்பரப்பு சிவந்து புதிய மணங்கள் பிறக்கும். ஆகவே பாட்டிலில் இருக்கும் சாஸும் இறைச்சியின் மேல் படிந்து வெந்த சாஸும் சுவையில் வெவ்வேறானவை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒப்பீட்டில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால்தான் வருகின்றன.

கரண்டியில் சுவைக்கும்போது இனிப்பும் கெட்டித்தன்மையும் மிகுந்த சாஸ்தான் அநேகமாக முதலிடம் பிடிக்கும். முதல் முறை நாவில் வைக்கும்போது இதமாக இருக்கும் அந்த இனிப்பு, ஒரு தட்டு இறைச்சியை உண்டு முடிப்பதற்குள் திகட்டிவிடலாம். இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்கு உரிய சாஸ். வினிகரும் மிளகாயும் உப்பும்தான் அதன் அடிப்படை, தக்காளி கிடையாது. அதைத் தனியாகச் சுவைப்பவர் முகம் சுளிப்பார். கொழுப்பு நிறைந்த பன்றித் தோள்கறியைப் பிய்த்து அதில் இதே சாஸை ஊற்றிக் கலந்து உண்டால், அந்தப் புளிப்பு கொழுப்பின் கனத்தை முறித்து அடுத்த கவளத்துக்கு நாவைத் தயாராக்குவதை உணரலாம். கரண்டிச் சுவை வேண்டாம் என்பதல்ல; உப்பு கரிக்கிறதா, பச்சை மசாலா வாடை வருகிறதா என்று கண்டுபிடிக்க அது உதவும். தரவரிசையை மட்டும் அதை வைத்து எழுதக்கூடாது.

வெவ்வேறு பாணிகளைச் சேர்ந்த சாஸ்களை ஒரே வரிசையில் நிறுத்துவது இதையொட்டிய தவறு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரத்துப் பாணியில் தக்காளியும், மொலாசஸ் (சர்க்கரை பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கருமையான பாகு) அல்லது பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். கடைகளில் ‘ஒரிஜினல்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே. தென் கரோலினாவில் கடுகு முன்னிற்கும். அலபாமாவின் வெள்ளை சாஸ், டிகேட்டர் நகரில் பாப் கிப்சன் 1925-இல் தொடங்கிய உணவகத்தோடு பிணைந்தது. மயோனைஸும் வினிகரும் மிளகும் சேர்ந்த அது முதன்மையாகக் கோழிக்கானது. இவற்றையெல்லாம் கலந்து வைத்து எது சிறந்தது என்று கேட்டால், கிடைக்கும் விடை சாஸின் தரத்தைப் பற்றியதாக இல்லாமல், சுவைப்பவருக்குப் பழக்கமான பாணியைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு பாணிக்குள் நான்கைந்து பாட்டில்களை ஒப்பிட்டு முடித்துவிட்டு அடுத்த பாணிக்குப் போவதே முறை.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு, சாஸை எப்போது தடவுவது என்பதில்தான் நிகழ்கிறது. சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸ் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் கருகுநிறப் பாகாக மாறத் தொடங்கும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். பல பாட்டில் சாஸ்களில் ஃப்ரக்டோஸ் மிகுந்த கார்ன் சிரப் என்ற மக்காச்சோளப் பாகு சேர்க்கப்படுகிறது. நேரடித் தணலுக்கு மேலுள்ள கம்பிகளோ 200 டிகிரியை எளிதாகத் தாண்டுபவை. இறைச்சியை வைத்த உடனேயே சாஸைத் தடவினால், உள்ளே வேகும் முன்பே வெளியே கரிந்து கசந்துவிடும். பழியைச் சாஸ் சுமக்கும். இறைச்சி ஏறக்குறைய வெந்தபின், கடைசி ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள், தணல் நேரடியாகப் படாத பக்கத்துக்கு அதை நகர்த்தி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை தடவுவது நல்லது. முதல் பூச்சின் ஓரங்களில் சிறு குமிழிகள் எழுந்து அடங்கும். ஈரப் பளபளப்பு குறைந்து, விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை வரும். அப்போது இரண்டாவது பூச்சைத் தடவலாம். காய்ச்சிய சர்க்கரையின் மணம் சட்டென்று காரமான புகைநெடியாக மாறினால் எல்லை கடந்துவிட்டது என்று பொருள்.

இந்த நேரக்கணக்கு எல்லாப் பாணிக்கும் பொருந்தாது. நீர்த்த வினிகர் சாஸைச் சமைக்கும்போதே அவ்வப்போது தெளித்து வரலாம்; அதில் கருகுவதற்குச் சர்க்கரை அதிகம் இல்லை. மயோனைஸ் கலந்த வெள்ளை சாஸ் கடும் சூட்டில் பிரிந்துவிடும் என்பதால், வெந்த கோழியை எடுத்த பிறகு அதில் முக்குவதே பொருத்தம். ஆனால் ஒரே பாணிக்குள் ஒப்பிடும்போது எல்லா பாட்டில்களுக்கும் அதே நேரம், அதே சூடு, அதே எண்ணிக்கையில் பூச்சு என்று இருந்தாக வேண்டும். அப்படி வைத்தும் ஒரு சாஸ் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே கரிந்தால் அதைச் சமையல் கோளாறு என்று ஒதுக்காமல், அந்தச் சாஸின் இயல்பு என்று குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அடுத்த முறை கிரில் செய்பவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறொன்றும் இல்லை.

இறைச்சியில் செய்யும் தவறுகளும் சாஸின் கணக்கில்தான் சேர்கின்றன. ஒரு சாஸுக்குக் கோழி மார்பு, இன்னொன்றுக்குத் தொடை என்று மாறினால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும். எலும்பு நீக்கிய கோழித் தொடையை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, அளவான உப்பு மட்டும் சேர்த்து, மசாலாத் தூள் எதுவும் பூசாமல் வேகவைப்பது பாதுகாப்பான தேர்வு. தொடையில் சற்றுக் கொழுப்பு இருப்பதால் எளிதில் வறண்டுபோகாது. கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியதா என்று வெப்பமானியால் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரில்லில் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரு சாஸின் துண்டுகளெல்லாம் சூடான மூலையிலேயே கிடந்தால் அந்தச் சாஸுக்கு அநீதி செய்கிறோம். சாஸின் அளவையும் கண்மதிப்பில் விடக்கூடாது. கெட்டியான சாஸ் அதிகமாக ஒட்டிக்கொள்ளும், நீர்த்தது வழிந்துவிடும். அளவு கூடிய சாஸ் சுவையிலும் கூடியதாகத் தோன்றுவது இயல்புதான். சமையலறைத் தராசில் துண்டுக்கு 15 கிராம் என்று நிறுத்துத் தடவினால் இந்தச் சிக்கல் தீரும். இறைச்சி உண்ணாதவர்கள் பெரிய காளானை வைத்து இதே சோதனையைச் செய்யலாம். ஆனால் பல சாஸ்களில் வூஸ்டர்ஷயர் சாஸ் சேர்க்கப்படுவதும், அதன் வழக்கமான தயாரிப்பில் நெத்திலி வகை மீன் இருப்பதும் அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற சாஸில் இனிப்பும் மணமும் மங்கித் தெரியும். எல்லா பாட்டில்களும் அறைச் சூட்டுக்கு வந்தபின் தொடங்க வேண்டும். பல மாதங்களுக்கு முன் திறந்த பாட்டிலைப் புதிதாகத் திறந்ததோடு ஒப்பிடுவதும், அடியில் மசாலா தங்கிய நீர்த்த சாஸைக் குலுக்காமல் ஊற்றுவதும் கவனக்குறைவன்றி வேறில்லை.

பெயர் தெரிந்தே சுவைப்பது என்ற தவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நமக்குப் பிடித்த நிறுவனம், கனமான கண்ணாடிக் குப்பி, ‘கைவினைத் தயாரிப்பு’ என்ற வாசகம், விலைச்சீட்டு ஆகிய எல்லாமே நாக்குக்கு முன்பாகத் தீர்ப்பை எழுதிவிடுகின்றன. ஒருவர் மட்டும் சாஸ்களை ஒரே மாதிரியான கிண்ணங்களுக்கு மாற்றி, 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ எழுதாமல் 417, 862 போன்ற மூன்றிலக்க எண்களை ஒட்ட வேண்டும். உணவுச் சுவை ஆய்வகங்களில் இந்த வழக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு: 1 என்ற எண்ணே முதன்மை என்ற எண்ணத்தைத் தோற்றுவித்துவிடும். சுவைக்கும் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். பசியோடு சுவைக்கும் முதல் துண்டுக்குத் தாராளமாக மதிப்பெண் விழுவது எங்கும் காணக்கூடியது. எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது என்பது இன்னும் முக்கியம். மேசையில் உரத்த குரல் உடையவர் ‘புகை மணம் தூக்கலா இருக்கு’ என்று சொன்ன கணத்திலிருந்து மற்றவர்களுக்கும் புகை மணக்கத் தொடங்கிவிடும்.

ஒரே அமர்வில் பத்துப் பன்னிரண்டு சாஸ்களை முடித்துவிடலாம் என்ற ஆசையையும் அடக்க வேண்டும். இனிப்புக்கு நாக்கு விரைவில் பழகிவிடுவதால், பின்னால் வருபவை உள்ளதைவிடக் குறைந்த இனிப்போடு தோன்றும். ஐந்து, மிஞ்சினால் ஆறு போதும். காரமில்லாததில் தொடங்கிக் காரமானதில் முடிக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். லிக்விட் ஸ்மோக் சேர்ந்த சாஸுக்கும் அதே விதி பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மரப்புகையைக் குளிர்வித்து எடுக்கும் அந்தச் சாறு வாயில் நெடுநேரம் தங்கி, அடுத்துச் சுவைக்கும் சாஸுக்கும் தன் மணத்தை ஏற்றிவிடும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றச் சொன்னது காரமும் புகையும் மிதமாக உள்ளவற்றுக்கு மட்டுமே. கடுமையானவை எல்லாருக்கும் கடைசியில்தான் வர வேண்டும். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் நீரில் நன்றாகக் கரையாது என்பதால் வெறும் தண்ணீர் குடிப்பதில் பெரிய பயன் இல்லை. பாலும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

லேபிளைப் படிப்பதிலும் ஏமாற வழி உண்டு. உட்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசைப்படுத்தப்படுகின்றன. தக்காளி முதலில் இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், கார்ன் சிரப், மொலாசஸ், பழுப்புச் சர்க்கரை, தேன் என்று இனிப்புகள் பிரிந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; அவற்றைக் கூட்டினால் தக்காளியை மிஞ்சிவிடக்கூடும். ஒரு பாட்டிலில் இரண்டு மேசைக்கரண்டிக்கும் இன்னொன்றில் ஒரு மேசைக்கரண்டிக்கும் சர்க்கரை அளவு தரப்பட்டிருந்தால், இரண்டையும் 100 கிராமுக்கு மாற்றிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். கெட்டியாக இருப்பதால் தரமானது என்று எண்ணுவதும் பிழை. அது நெடுநேரம் காய்ச்சியதால் வந்ததாக இருக்கலாம், சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொருளோ மாவுப்பொருளோ சேர்த்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

சுகாதாரத்தில் ஒன்றே ஒன்று: பச்சை இறைச்சியில் பட்ட பிரஷ்ஷைப் பாட்டிலுக்குள்ளோ, மேசையில் பரிமாறும் கிண்ணத்திலோ விடக்கூடாது. தடவுவதற்குத் தேவையானதைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

பத்துக்கு எத்தனை என்று ஒற்றை எண்ணாக மதிப்பிடுவதைவிட, இனிப்பு, புளிப்பு, உப்பு, புகை, காரம், பின்சுவை என்று தனித்தனியாக ஓரிரு சொற்கள் எழுதுவது பயன் தரும். இறுதியில் இரண்டு சாஸ்கள் நெருக்கமாக வந்து, ஒன்றின் விலை மற்றதைவிட மிக அதிகம் என்றால், ஒரு சிறு சோதனை மீதமிருக்கிறது. மூன்று துண்டுகளில் இரண்டுக்கு ஒரு சாஸும் ஒன்றுக்கு மற்றதும் தடவி, வேறுபட்டது எது என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். சரியான விடைகள் அந்த அளவைத் தாண்டவில்லை என்றால் மலிவானதையே வாங்கலாம். தோற்ற பாட்டில்களையும் எறிய வேண்டியதில்லை. திகட்டும் சாஸில் கொஞ்சம் கொஞ்சமாக வினிகர் சேர்த்து நீர்க்க வைத்தும், புகைநெடி மிகுந்ததைத் தக்காளி விழுதோடு சேர்த்துக் காய்ச்சியும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்ததைத் தடவும் நாளில் இறைச்சிக்கு உப்பே போடாமல் விட்டால் சரியாகிவிடும்.