மூட்டு, எலும்பு மருந்துகள்: செய்தியைப் படித்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

உடல்நலப் பரிசோதனை அறிக்கையில் சில நேரம் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். மூட்டுகள் வீங்கி இறுகும் முடக்குவாத நோயோடு தொடர்புடைய ஒரு ரத்தப் புரதம் அது. அதில் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் போதும், அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப்பில் "அம்மாவுக்கு முடக்குவாதமாம்" என்று பரவிவிடும். அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்ட வேண்டாம். நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது ரத்தத்தில் தென்படுகிறது. வயது ஏற ஏற இன்னும் கூடும். முடக்குவாதம் உள்ள சிலருக்கோ நெகட்டிவாகவே வரும். காலையில் எழுந்ததும் விரல்கள் எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கின்றன, எந்த மூட்டு வீங்கியிருக்கிறது என்பதைத்தான் நல்ல மருத்துவர் முதலில் கேட்பார். யூரிக் அமிலமும் இப்படித்தான். அளவு கூடியிருக்கும் பலருக்கு, அந்த அமிலம் மூட்டில் படிந்து வலிக்கும் கௌட் நோய் வருவதே இல்லை. கால் பெருவிரல் சிவந்து துடிக்கிற நாளில் சோதித்தால் அளவு சரியாகவும் இருக்கலாம்.

அடுத்து, "குருத்தெலும்பு மீண்டும் வளர்கிறது" என்ற தலைப்பைப் பார்த்ததும் உடற்பயிற்சி சிகிச்சையை நிறுத்திவிட்டு மருந்துக்குக் காத்திருப்பது. இத்தகைய செய்திகளில் பல எலியோடு நின்றுவிடுபவை. எலியின் முழங்காலை அறுவை செய்து சேதப்படுத்தினால் சில வாரங்களில் தேய்மானம் வந்துவிடும். நம் முழங்கால் தேய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. மனிதர்களிடம் சோதித்த மருந்துகளும் பாடம் சொல்கின்றன. ஸ்பிரிஃபெர்மின் என்ற மருந்து குருத்தெலும்பைக் கொஞ்சம் தடிமனாக்கியதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் வலி, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு இருந்த அளவிலேயே இருந்தது. டானெசுமாப் என்ற வலி மருந்து நேர் எதிர். நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுத்து வலியைக் குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. ஆகவே செய்தியைப் படிக்கும்போது, ஸ்கேன் படத்தில் என்ன மாறியது என்பதோடு, நோயாளி மாடிப்படி ஏறினாரா என்பதையும் தேடுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது, எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்குப் போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றித்தான். பிரோலியா என்றால் பலருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடுவார்கள். எலும்பை அரிக்கும் செல்கள் உருவாகவும் உயிரோடு இருக்கவும் ரேங்க்-எல் என்ற புரதம் வேண்டும். இந்த ஊசி அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலும்பின் அடர்த்தி ஏறுகிறது. சரி, ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது, இனி எதற்கு ஊசி என்று தோன்றும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஐந்து வருடம் மாத்திரை கொடுத்துவிட்டு மருத்துவரே நிறுத்தினாரே என்றும் தோன்றும். அந்த மாத்திரை வேறு. அலெண்ட்ரோனேட் போன்றவை எலும்பின் தாதுவிலேயே ஒட்டிக்கொண்டு, நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கின்றன. டெனோசுமாப் அப்படித் தங்காது. அதன் வேலை தீர்ந்ததும் அரிக்கும் செல்கள் முன்பைவிட அதிக வேகத்தில் கிளம்புகின்றன. சேர்த்த அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் கரையலாம். சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்குகின்றன.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய் மூன்று, நான்கு மாதம் தங்குவது நம்மிடையே சாதாரணம். ஊசி நாள் அந்த இடைவெளியில் வந்தால் "திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) தேதியைப் பேசிவிடுங்கள். உண்மையிலேயே நிறுத்த வேண்டியிருந்தால், எலும்பைக் காக்க அடுத்து எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்த பிறகுதான் நிறுத்த வேண்டும். நிறுத்திய சில மாதங்களில் திடீரென்று முதுகு வலித்தால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பல் பிடுங்கும் வேலை இருந்தால், இந்த ஊசி போடுவதைப் பல் மருத்துவரிடம் சொல்வதும் அவசியம்.

அப்புறம், மலேசியாவின் ஜோகூரிலிருந்தோ இணையத்திலோ வாங்கும் 'இயற்கை' மூட்டுவலி மாத்திரைகள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு நாள்தான் எனக்குச் சந்தேகம் தரும். இப்படி விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. அதனால் வலி விரைவில் குறைகிறது. அதே ஸ்டீராய்டு எலும்பு கட்டும் செல்களையும் முடக்கி, தசையையும் இளைக்க வைக்கிறது. முகம் உருண்டு வீங்குவது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறுவது எல்லாம் அறிகுறிகள்.

விஷயம் தெரிந்ததும் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவதும் ஆபத்துதான். பல வாரம் சாப்பிட்டவருக்கு உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு குறைந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று நிலைமை மோசமாகலாம். பொட்டலத்தோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள். எத்தனை நாள், தினம் எத்தனை மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.