ஒவ்வொரு பைதான் ப்ராஜெக்ட்டுக்கும் தனியாக ஒரு வென்வ்

ஒரே கணினியில் இரண்டு ப்ராஜெக்ட்கள், ஒன்றுக்கு ஜாங்கோ என்ற வெப் லைப்ரரியின் 3.2 வெர்ஷன் வேண்டும், இன்னொன்றுக்கு 5.0 வேண்டும். இரண்டையும் பொதுப் பைதானிலேயே நிறுவினால் பின்னால் வந்தது முன்னால் இருந்ததைத் தூக்கிவிடும், ஏனென்றால் லைப்ரரிகள் போய் உட்காரும் ஒரு சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் ஒரு லைப்ரரிக்கு ஒரு வெர்ஷன்தான் இருக்க முடியும். லினக்ஸில் இது இன்னும் ஆபத்து, சிஸ்டத்தின் சில கருவிகளே அந்தப் பைதானை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால்தான் டெபியன் என்ற லினக்ஸில் 12-ம் வெர்ஷன் முதல், லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பை அங்கே நேரடியாக ஓட்டினால் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. அதை மீற ஒரு ஆப்ஷன் இருக்கிறது, பெயர் பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இதற்குத் தீர்வுதான் வென்வ், ப்ராஜெக்ட்டுக்கென்று தனி லைப்ரரி ஃபோல்டரை உருவாக்கித் தரும் கருவி. அது பைதான் 3.3 முதல் கூடவே வருகிறது. டெபியன், உபுண்டுவில் மட்டும் பைதான்3-வென்வ் பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் 'பைதான்3 -எம் வென்வ் .வென்வ்' என்று கொடுங்கள், .வென்வ் என்ற ஃபோல்டர் உருவாகும். அப்புறம் அதை ஆக்டிவேட் செய்ய, லினக்ஸ், மேக் என்றால் 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. விண்டோஸில் பின் இருக்கும் இடத்தில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும்.

ஆக்டிவேட் செய்வதில் மாயம் எதுவும் இல்லை. ஷெல் கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியலின் தலையில் .வென்வ்/பின் போய் உட்காருகிறது, முக்கியமாக நடப்பது அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் 'விச் பைதான்' அடித்துப் பாருங்கள், உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பாத் வர வேண்டும். இது புரிந்துவிட்டால் இன்னொன்றும் புரியும்: குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் கிரானில் ஓட்டும் ஸ்கிரிப்ட்டுக்கு ஆக்டிவேட்டே தேவையில்லை, .வென்வ்/பின்/பைதான் என்று முழு பாத் கொடுத்தாலே போதும். பிப்பையும் வெறுமனே கூப்பிடாமல் 'பைதான் -எம் பிப்' என்றே கூப்பிடுங்கள், எந்தப் பைதானுக்குள் நிறுவுகிறது என்ற குழப்பமே வராது.

சரி, எதைப் பத்திரமாக வைப்பது? .வென்வ் ஃபோல்டரை அல்ல. அதன் பெயரை, கிட் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் போடுங்கள். நிறுவிய லைப்ரரிகளைப் பற்றி 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் எழுதி, அதை கிட்டில் கமிட் செய்யுங்கள். ஃப்ரீஸ் நீங்கள் கேட்டு நிறுவியதையும் அதன் கூடவே இழுத்து வந்ததையும் பிரிக்காமல் கொட்டும் என்பதால், நேரடியாகத் தேவைப்படும் லைப்ரரிகளை மட்டும் கையால் தனி ஃபைலில் எழுதி வைப்பது என் கணக்கில் இன்னும் நல்லது. ஆறு மாதம் கழித்து எது எதற்காக வந்தது என்று பார்க்க அந்த ஃபைல்தான் உதவும்.

ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ வென்வ் உடையும். உள்ளே இருக்கும் பிப் போன்ற ஸ்கிரிப்ட்களின் முதல் வரியிலேயே பழைய முழு பாத் எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். அதை உட்கார்ந்து சரிசெய்யாதீர்கள், .வென்வை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலிலிருந்து நிறுவிக்கொள்ளுங்கள்.

வென்வால் முடியாதது ஒன்று உண்டு, எந்தப் பைதானால் உருவாக்கினீர்களோ அந்த வெர்ஷன்தான் உள்ளே இருக்கும். வேறு வெர்ஷன் வேண்டுமென்றால் பைஎன்வ் அல்லது யுவி என்ற கருவிகளைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் மாதிரி டேட்டாபேஸ் சர்வர்களும் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வெர்ஷன் என்று தனித்தனியாக வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குப் போங்கள்.